மொக்கா பொட்டா, எஸ்பிரசோ இயந்திரமா?

வன்னியில் வீட்டிலேயே பால் கோப்பி போட நினைப்பவருக்கு நான் மொக்கா பொட்டைத்தான் சொல்வேன். அடியில் கொதிக்கும் தண்ணீரை நீராவி தூள் வழியே மேலே தள்ளும், 1933இல் இத்தாலியில் பிறந்த இந்த அலுமினியப் பாத்திரத்துக்குக் காஸ் அடுப்பே போதும்; மின்சாரம் போனாலும் கோப்பி நிற்காது.

ஆனால் அதில் இறங்குவது எஸ்பிரசோ, அதாவது அதிக அழுத்தத்தில் இறக்கும் அடர்ந்த கோப்பி, அல்ல. நீராவி தரும் அழுத்தம் ஒன்று, இரண்டு பார்தான் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). இயந்திரமோ சுமார் 9 பார் அழுத்தத்தில், 18 கிராம் தூளிலிருந்து அரை நிமிடத்துக்குள் 36 கிராம் சாறு இறக்கும். மேலே பொன்னிற நுரை படரும். வெறுங்கோப்பி குடிப்பவருக்கு அந்த வித்தியாசம் பெரிது. பால் கலந்தால் பாதி மறைந்துவிடும்.

இயந்திரத்துக்கு இங்கே எதிரி கிணற்றுத் தண்ணீர். கிளிநொச்சிப் பக்கம் கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு, கண்ணுக்குத் தெரியாத குழாய்களுக்குள்ளும் படிந்து அடைக்கும். வடிகட்டிய தண்ணீர் ஊற்றினாலும், அவ்வப்போது சுண்ணாம்பு நீக்கியே ஆகவேண்டும். மொக்கா பொட்டில் படிந்தால் தேய்த்துக் கழுவிவிடலாம். எஸ்பிரசோவுக்குக் கோப்பிக் கொட்டையை நுண்ணியதாக அரைக்கும் இயந்திரமும் தேவை. அதன் விலையை வீட்டில் சொல்லாமல் இருப்பது நல்லது.

பால் நுரையில் மட்டும் எஸ்பிரசோ இயந்திரத்தின் நீராவிக் குழலை வெல்ல முடியாது. ஆனாலும் பசும்பாலை 60 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிக் கையால் அடித்தால் கப்புச்சீனோ எனும் நுரைத்த பால் கோப்பிக்குப் போதுமான நுரை கிடைக்கும்.