ரிப்பீட்டர் கன்ட்ரோலர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: 18,500 ரூபாய் போச்சு

ஹாம் ரேடியோ ரிப்பீட்டருக்கு (மலைமேல் நின்று ஒரு செட்டின் சிக்னலை வாங்கித் தூரத்துக்கு மறுபடி அனுப்பும் நிலையம்) கன்ட்ரோலர் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று ராத்திரி எனக்குக் கன்ட்ரோலர் விற்ற ஆள் என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் பண்ணிவிட்டான், ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எப்படி வருகிறதோ அப்படியே எழுதுகிறேன். 18,500 ரூபாய். என் பணம் மட்டும் என்றால்கூடத் தலை முழுகியிருப்பேன். எங்கள் ஊர் ஹாம்கள் (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள்) ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்தது, பென்ஷனில் காலம் தள்ளும் ஒரு பெரியவர் கொடுத்ததும் அதில் இருக்கிறது.

வண்டியில் வைக்கும் பழைய ரேடியோ செட் இரண்டு, ஒன்று ரிசீவருக்கு, ஒன்று டிரான்ஸ்மிட்டருக்கு, 2 மீட்டர் அலைவரிசையில் இரண்டுக்கும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, இரண்டும் ஒரே ஆன்டெனாவில் வேலை செய்ய உதவும் டூப்ளெக்ஸர் ட்யூன் பண்ணியாகிவிட்டது. இரண்டையும் கட்டி மேய்க்கும் கன்ட்ரோலர் மட்டும்தான் பாக்கி. ரிசீவரில் சிக்னல் வந்து ஸ்கெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைத்து வைக்கும் கதவு) திறந்ததும் டிரான்ஸ்மிட்டரைக் கீ பண்ண, அதாவது ஆன் பண்ண வேண்டும், பேச்சு நின்றால் கொஞ்ச நேரம் ஆனிலேயே வால் விட்டு இறக்க வேண்டும், கால்சைனை (லைசென்ஸில் தரும் அடையாளப் பெயர்) மோர்ஸில் அனுப்ப வேண்டும், ஏதாவது சிக்கிக்கொண்டால் டைம்-அவுட்டில் தானாக நிறுத்த வேண்டும், மலை ஏறாமல் கீழேயிருந்தே டிடிஎம்எஃப் டோன் (போன் பட்டன் அழுத்தினால் வரும் ஒலி) கொடுத்து அணைக்கவும் முடிய வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் மேலே ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரம் வேறு.

கடை பெயர் சொல்லப் போவதில்லை. ஹாம் சாமான் மட்டும் விற்கும் ஒரு ஆன்லைன் பக்கம், நம் ஆட்களே நடத்துவது, அவ்வளவு போதும்.

போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே கேட்டான்: "உங்க ரிசீவர்ல சிஓஎஸ் ஆக்டிவ் ஹையா, லோவா ஓஎம்?" சிஓஎஸ் என்பது சிக்னல் வந்ததை ரிசீவர் சொல்லும் லைன், அப்போது அதில் வோல்டேஜ் ஏறுமா இறங்குமா என்று கேட்கிறான்; ஓஎம் என்பது ஹாம்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது. லோ என்றேன். "கவலையே வேண்டாம், போர்டுல ஜம்பர் இருக்கு, மாத்திக்கலாம்." டிஸ்க்ரிமினேட்டரில் (ரிசீவருக்குள் ஆடியோ முதலில் கிடைக்கும் இடம்) ஆடியோ எடுத்தால் டீ-எம்ஃபசிஸ் (தூக்கலான கீச்சு ஒலியைக் குறைப்பது) வேண்டும், ஸ்பீக்கர் லைனில் எடுத்தால் வேண்டாம் என்பதையும் நான் கேட்காமலே சொன்னான். டைம்-அவுட் 3 நிமிடம் வையுங்கள், மலைமேல் இடி அதிகம் என்றால் சப்ளை லைனில் சர்ஜ் பாதுகாப்பு போடுங்கள் என்றெல்லாம் அக்கறையாகப் பேசினான். கடைசியில் 73 (ஹாம் பாஷையில் வாழ்த்துகள்) சொல்லி வைத்தான். இப்படிப் பேசுகிறவனை எந்த ஹாம் சந்தேகப்படுவான்? போனை வைத்த கையோடு அவன் நம்பருக்கு ஜிபே, முழுத் தொகையும். பில் மெயிலில் வரும் என்றான், இன்றுவரை வரவில்லை.

போர்டு வந்தது. ஐசி எல்லாவற்றிலும் நம்பரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். சரி, தன் டிசைனை மறைக்கிறார் போல என்று விட்டேன். (பக்கத்திலேயே 3.579 என்று அச்சிட்ட கிரிஸ்டல் பல்லிளிக்கிறது, அது டிடிஎம்எஃப் டீகோடர் என்று யாருக்கும் தெரியும், அதைத் தேய்த்து என்ன பிரயோஜனம்?) ஜம்பருக்கு ஓட்டை இருக்கிறது, பின் இல்லை, அடியில் ஆக்டிவ் ஹை பக்கமே ஈயத்தால் ஒட்டிவிட்டிருக்கிறார்கள். டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டுவது, சிக்னல் வெளியே போகாது) மாட்டி ஆன் பண்ணினால், யாரும் பேசாதபோது டிரான்ஸ்மிட் ஆகிறது, பேசினால் இறங்கிவிடுகிறது! ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் போட்டுத் தலைகீழாக்கி அதைச் சரிபண்ணினேன். அப்புறம் ஸ்கெல்ச்சை வேண்டுமென்றே திறந்து வைத்து டைம்-அவுட்டைச் சோதித்தேன். 3 நிமிடம் தாண்டியது, 10 நிமிடம் தாண்டியது, நிற்கவே இல்லை, செட்டின் ஹீட்சிங்க்கில் கை வைக்க முடியவில்லை. மலைமேல் ஆளில்லாத அறையில் இது நடந்திருந்தால் ஃபைனல் டிரான்சிஸ்டர் போயே போயிருக்கும்.

இதற்கு மேல் ஒன்று. அன்று கரண்ட் போய் வந்தது. போர்டு திரும்ப உயிர் பெற்றதும் மோர்ஸில் ஐடி அடித்தது, கேட்டால் அது எங்கள் கால்சைனே இல்லை! வேறு யாருடையதோ. நாங்கள் போட்ட செட்டிங் அத்தனையும் அழிந்து, அதன் அடிமனதில் இருந்த பழைய சொந்தக்காரர் வெளியே வந்துவிட்டார். புதுசு என்று 18,500 ரூபாய்க்கு விற்றது யாரோ கழற்றிப்போட்ட போர்டு, அல்லது யாரிடமிருந்தோ அப்படியே சுட்ட ப்ரோக்ராம். டம்மி லோடில் இருந்ததால் தப்பித்தோம், ஆன்டெனாவில் இருந்திருந்தால் இன்னொருவர் கால்சைனில் நாங்கள் ஒலிபரப்பியிருப்போம், லைசென்ஸுக்கே வேட்டு.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "உங்க செட்லதான் கோளாறு ஓஎம்." அப்புறம் "வீடியோ அனுப்புங்க." அனுப்பினேன், நீல டிக் மட்டும் வந்தது. அப்புறம் டெவலப்பர் ஊரில் இல்லையாம். அப்புறம் ஃபர்ம்வேர் அப்டேட் வருமாம். ப்ரோக்ராம் ஏற்றுவதற்கான கனெக்டர் பின்கூட இல்லாத போர்டில் அப்டேட்டை எந்த வழியாக ஏற்றுவது என்று கேட்டேன், அதற்குப் பதில் "கஸ்டம் ஆர்டர், ரிட்டர்ன் கிடையாது." கஸ்டமாம்! பணத்தைக் கேட்டதும் பிளாக். பேங்கில் கேட்டால் நீங்களே அனுப்பியதுதானே என்கிறார்கள். சைபர் மோசடி உதவி எண் 1930க்கும் நுகர்வோர் உதவி எண் 1915க்கும் சொல்லியாகிவிட்டது.

எழுத நினைத்த ஆலோசனையெல்லாம் இன்னொரு நாள். இப்போதைக்கு இவ்வளவுதான்: ஓஎம், 73 என்று பேசுகிறான் என்பதற்காக முழுப் பணத்தையும் முன்னால் அனுப்பாதீர்கள். ஐசி நம்பர் தெரிகிற மாதிரி, போர்டின் இரண்டு பக்கமும் போட்டோ கேளுங்கள். டைம்-அவுட் வேலை செய்வதை டம்மி லோடில் பார்க்காமல் மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். கரண்டை நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுத்து ஐடி யாருடையது என்று காது கொடுத்துக் கேளுங்கள். சர்க்யூட் படம் தராதவனிடம் வாங்கவே வேண்டாம்.

இதே மாதிரி ஆன்லைன் பக்கத்தில் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், சாட், போர்டு போட்டோ எல்லாம் என்னிடம் இருக்கிறது, சேர்ந்தே புகார் கொடுப்போம். 18,500 ரூபாயை அவனுக்கு விட்டுக்கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.