பாயசத்துக்கு முன்பே இலையை எடுக்கும் வானொலி

நான் சிங்கப்பூரில் சரக்கு வேன் ஓட்டுகிறேன். காலை ஆறரைக்கு ஈசூனில் கிளம்பித் துவாஸ் போய்த் திரும்பும்வரை ஒரே வானொலிதான்: எழுபதுகள், எண்பதுகளின் ஆங்கில ராக் பாடல்களைப் போடும் உள்ளூர் நிலையம். குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். ஒன்பது ஆண்டுகளாகக் கேட்கிறேன்.

நானாகத் தேடிப் போனதில்லை. வேனில் உடன் வந்த மலாய்ப் பெரியவர் அந்த அலைவரிசையை வைத்தார். வயதில் மூத்தவர், மாற்ற எனக்குத் துணிவில்லை. அபாங், அதாவது மலாயில் அண்ணன், என்றுதான் அவரை அழைப்பேன். அப்புறம் வீட்டில் தமிழ் வானொலி ஒலி 96.8, வேனில் கிட்டார் என்றாகிவிட்டது. ஆறு மாதத்தில் முதல் இரண்டு நொடியிலேயே பாட்டைக் கண்டுபிடிக்கத் தொடங்கினேன்.

ஒலித்தெளிவைக் குறை சொல்ல முடியாது. காலாங்-பாய லேபார் விரைவுச்சாலையின் சுமார் 9 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள்ளும் அறுபடுவதில்லை. துவாஸ் முனையில் மட்டும் அக்கரை மலேசியாவின் ஜோகூர் வானொலிக்காரர் யாராவது குறுக்கே புகுந்து செய்தி வாசிப்பார். காலை நேரத்தில் பாட்டைவிட அரட்டை அதிகம், பழகிவிட்டது.

பழகாதது, பாட்டை வெட்டுவது. ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ ஆறரை நிமிடப் பாடல். 1976இல் வந்தது. அதன் கடைசி இரண்டு நிமிடமும் பாட்டே கிடையாது. டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் கிட்டாரில் மாறி மாறிப் பேசிக்கொண்டு, பிறகு ஒன்றாகச் சேர்வார்கள். எனக்குப் பாடலே அதுதான். அந்த இடம் வரும்போது ஒலியைத் தாழ்த்தி மெத்தை விளம்பரம் போடுகிறார்கள். பந்தியில் பாயசத்துக்கு முன்பே இலையை எடுப்பதைப்போல.

அபாங்கின் வருத்தம் வேறு. எழுபதுகளிலேயே இங்கு ராக் முழங்கிய ‘ஸ்வீட் சாரிட்டி’ நம் ஊர்க் குழு. அதில் பாடிய ரம்லி சாரிப், 2019இல் நம் தேசிய கீதமான ‘மாஜுலா சிங்கப்பூரா’வைத் தம் கரகரத்த குரலில் பாடினார். இந்த நிலையத்தில் நாங்கள் அவரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆங்கில நிலையம்தானே என்பார்கள். சொல்லட்டும்.

சென்ற ஆண்டு அபாங் ஓய்வு பெற்றார். போன மாதம் ஒரு நாள் வேலை முடிந்து திரும்ப இரவு பதினொன்றைத் தாண்டிவிட்டது. என் அடுக்குமாடி புளோக்கின் வாகன நிறுத்துமிடத்தை அடையவும் அதே பாடல் வந்தது. நின்ற வண்டியில் இஞ்சினை ஓடவிட்டால் வரும் அபராதத்துக்குப் பயந்து அதை அணைத்துவிட்டு, வியர்வையோடு உட்கார்ந்திருந்தேன். வெட்டவில்லை. கடைசி நொடிவரை முழுதாகப் போட்டார்கள். அதன்பின் மூன்று இரவுகள் விழித்திருந்து கேட்டேன். அந்த நேரத்தில் எதையுமே வெட்டுவதில்லை.

உடனே அபாங்குக்குச் செய்தி அனுப்பினேன்: பதினொரு மணிக்கு மேல் கேளுங்கள்.