பிங்கை விண்டோஸுக்கு மாற்ற: ரா சாக்கெட்டா, ஐசிஎம்பி ஏபிஐயா?

சிங்கப்பூரின் துவாஸ் கிடங்கில் நெட்வொர்க் பார்க்கும் தம்பி ஒருவர், லினக்ஸில் எழுதிய பிங் கருவியை (இன்னொரு கணினி பதில் தருகிறதா என்று சோதிப்பது) விண்டோஸுக்கு மாற்ற, ரா சாக்கெட் (பாக்கெட்டை, அதாவது அனுப்பும் தரவுப் பொட்டலத்தை, நாமே அமைத்து அனுப்பும் வழி), ஐசிஎம்பி ஏபிஐ (பிங் செய்தியை விண்டோஸே அமைத்து அனுப்பும் வசதி) இரண்டில் எது நல்லது என்று கேட்டார்.

உழைப்பு: ரா சாக்கெட்டில் பழைய நிரல் பெரும்பாலும் அப்படியே வரும், வின்சாக் (விண்டோஸின் நெட்வொர்க் நூலகம்) மாற்றங்கள் மட்டும். ஏபிஐ என்றால் அனுப்பும் பகுதியைப் புதிதாக எழுத வேண்டும்.

அனுமதி: விஷயமே இங்கேதான். ரா சாக்கெட்டுக்கு நிர்வாகி உரிமை வேண்டும். கிடங்கு மேசையில் இருக்கும் கணினியில் அது யாரிடம் இருக்கிறது? ஏபிஐ சாதாரணப் பயனருக்கே ஓடும். செக்சம்கூட (பிழை கண்டுபிடிக்கும் எண்) நாம் போட வேண்டியதில்லை.

கட்டுப்பாடு: பாக்கெட்டைப் பைட் பைட்டாக அமைக்க ரா சாக்கெட்தான்.

ஆய்வகச் சோதனைக்கு ரா சாக்கெட். ஷிஃப்ட் ஊழியர் கையில் கொடுக்க ஏபிஐ, தம்பிக்கும் அதையே சொன்னேன். அப்புறம், விண்டோஸ் பிங் 4 முறை அனுப்பி நின்றுவிடும், லினக்ஸ் பிங் நிறுத்தும்வரை ஓடும். விண்டோஸில் பழகியவர்களுக்காக அந்த 4-ஐ வைத்துவிடுங்கள்.