ஸ்டிக்கர் ஒட்டி லேப் ஸ்டீல் செட் என்று விற்கிறார்கள், கவனம்!

லேப் ஸ்டீலுக்கு (மடியில் படுக்கவைத்து வாசிக்கும் கிதார்) கம்பி வாங்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். “ஆறு கம்பி லேப் ஸ்டீல், சி6 ட்யூனிங்” என்று தெளிவாகச் சொல்லி இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய செட் இது. உறைமேல் ‘லேப் ஸ்டீல்’ என்று ஒரு ஸ்டிக்கர். எந்தக் கம்பி என்ன கேஜ் (தடிமன்) என்ற விவரமே கிடையாது. வெர்னியரில் அளந்தால் முதல் கம்பி 0.25 மி.மீ., ஆறாவது 1.17 மி.மீ. அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் 10–46, சாதாரண எலெக்ட்ரிக் கிதார் செட். கேட்டதற்கு வந்த பதில்: “எல்லாம் ஸ்டீல் கம்பிதானே, ட்யூன் பண்ணிக்கோங்க. பிரிச்ச பாக்கெட்டைத் திருப்பி எடுக்க மாட்டோம்.”

அப்படி ட்யூன் பண்ண முடியாது. சி6 என்பது தடித்த கம்பியிலிருந்து சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. முதல் கம்பிக்கு வழக்கமான ஈ-தான். ஆனால் நான்காவதை 5 செமிடோன் (அரைச் சுரம்), ஐந்தாவதை 7, ஆறாவதை 8 செமிடோன் ஏற்ற வேண்டும். 22.5 அங்குல ஸ்கேலில் (கம்பி அதிரும் நீளம்) முதல் கம்பியின் இழுவிசை 5.7 கிலோ அளவில் நிற்க, ஐந்தும் ஆறும் 15 கிலோவைத் தாண்டும். பாரை (கம்பிமேல் நகர்த்தி வாசிக்கும் உலோகத் துண்டு) வைத்ததும் மெல்லிய பக்கம் அமுங்கிச் சுருதி மேலே போகும்; பயந்து லேசாகப் பிடித்தால் கறகறவென்று சத்தம். கை எவ்வளவு பழகியிருந்தாலும் இதைச் சரிக்கட்ட முடியாது.

இந்த ஸ்கேலுக்கு 15, 18, 22, 26, 30, 36 போட்டுப் பாருங்கள். ஆறும் சுமார் 10 முதல் 13 கிலோவுக்குள் அடங்கும். செட் கிடைக்காவிட்டால் தனித்தனிக் கம்பியாக வாங்கலாம், அதுவே நம்பகமானது. புது கேஜ் மாட்டியதும் நட்டின்மேல் (தலைப்பக்கம் கம்பிகள் காடிகளில் தங்கும் துண்டு) ஒரு இரும்பு அடிக்கோலைக் குறுக்கே வையுங்கள். கம்பிகளின் மேற்பரப்பு ஒரே மட்டத்தில் இல்லையென்றால் காடியைச் சரிசெய்யாமல் பார் படியாது.

இன்னொரு பித்தலாட்டம், 16–56 ரெசொனேட்டர் (உலோகக் கூம்பால் ஒலியைப் பெருக்கும் கிதார்) செட்டை இதற்கென்று கொடுப்பது. அது ஜி, பி, டி, ஜி, பி, டி ட்யூனிங்குக்கானது. சி6-க்கு ஏற்றினால் ஐந்தாவது, ஆறாவது கம்பிகளின் இழுவிசை கிட்டத்தட்ட 1.8 மடங்காகும். போதாக்குறைக்கு அவை பெரும்பாலும் பாஸ்பர் பிரான்ஸ் (ஒருவகை வெண்கலம்) சுற்றியவை. காந்தப் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம்) அந்தச் சுற்று தெரியவே தெரியாது, உள்ளே இருக்கும் எஃகு மட்டும்தான் தெரியும். தடித்த கம்பிகள் மங்கிக் கேட்கும். நிக்கல் பூசிய எஃகோ ஸ்டெயின்லெஸ் எஃகோ கேளுங்கள். வெறுமனே ‘சி6 செட்’ என்றால் கால்மிதிகள் உள்ள பெடல் ஸ்டீலுக்கான 10 கம்பிப் பாக்கெட்டும் வந்து சேரும்.

ஆறு கேஜையும் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். உறையைப் பிரிப்பதை வீடியோ எடுத்து, மாட்டுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். நுனியை வெட்டிவிட்டால் எவரும் திருப்பி எடுக்கமாட்டார்.