.30-06 கூட்டிலிருந்து 8×57, 7.7 அரிசாகா: பல சுற்று சுட்ட பிறகு தெரிவது

8×57 தோட்டா சுடும் மவுசர் 98கே, 7.7 அரிசாகா தோட்டா சுடும் ஜப்பானின் டைப் 99 போன்ற பழைய ராணுவ ரைபிள்களை வைத்திருக்கும் அமெரிக்க ரீலோடர்களுக்கு (சுட்ட கூட்டில் மீண்டும் மருந்தும் குண்டும் ஏற்றுபவர்களுக்கு) .30-06 தோட்டாவின் வெற்றுக் கூடுதான் கைக்கு எளிதில் கிடைக்கும் பித்தளை. அதை வெட்டி, டை என்னும் அச்சில் அழுத்தி வேறு தோட்டாவின் கூடாக்குவது அரை மணி நேரத்தில் பழகிவிடும். வெட்டுவதும் அழுத்துவதும் இதில் சுலபமான பாதி. அந்தக் கூடு நம்பிச் சுடக்கூடியதா என்பதைக் குண்டைப் பிடிக்கும் வாய்ப்பகுதியான கழுத்தின் தடிமன்தான் தீர்மானிக்கிறது. அதை அளக்காமல் விடுபவர்களுக்கு இந்த வேலையே வேண்டாம்.

1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற .30-06-இன் அடி விளிம்பும் மவுசர் தோட்டாவின் அடி விளிம்பும் ஏறக்குறைய ஒரே அளவு, 12 மி.மீ. 7.7 அரிசாகாவும் அப்படித்தான். அதனால் போல்ட் முகத்தில் சரியாக உட்காரும், கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரும் ஒழுங்காகப் பிடிக்கும். நீளம்தான் அதிகம்: .30-06 கூடு 63.3 மி.மீ., 8×57-க்கு வேண்டியது 57.

முதலில் கூடுகளை அடியில் பொறித்த முத்திரைவாரியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ராணுவக் கூட்டின் சுவர் பெரும்பாலும் தடிமன். உள்ளே கொள்ளளவு குறைவதால் அதே வெடிமருந்து அதிக அழுத்தம் தரும். வணிகக் கூட்டோடு அதைக் கலந்தால் எந்த அளவும் நிலைக்காது. ராணுவக் கூட்டில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைச் சுற்றி இறுக்கி அடித்திருப்பார்கள். பழைய பிரைமரை எடுத்த கையோடு அந்த விளிம்பை ஸ்வேஜ் செய்யாவிட்டால் (அழுத்தி அகற்றாவிட்டால்) புதிய பிரைமர் நசுங்கும்.

8×57-க்கு 58 மி.மீ.யிலும் 7.7-க்கு 58.5 மி.மீ.யிலும் வெட்டலாம். சிறிய சாப் சா (வெட்டு ரம்பம்), மெல்லிய பிளேடு, கூட்டைப் பிடிக்க ஒரு ஜிக் (தாங்கி) இருந்தால் போதும். வெட்டிய வாயின் உள்ளும் புறமும் பிசிறை எடுத்துவிட வேண்டும். பிசிறு டைக்குள் போனால் அடுத்து வரும் ஒவ்வொரு கூட்டிலும் கோடு விழும்.

அடுத்து மெழுகு. லனோலின் கலந்த சைசிங் மெழுகை விரல் நுனியில் தொட்டு உடல் முழுக்க மெல்லிசாகப் பூச வேண்டும், கழுத்தின் உட்புறத்தில் துளி. குறைந்தால் கூடு டைக்குள் இறுகி, இழுக்கும்போது விளிம்பு பிய்ந்துவிடும். கூடினால் மெழுகு போக இடமில்லாமல் தோளில், அதாவது உடல் குறுகிக் கழுத்தாக மாறும் சரிவில், குழி விழும். சின்னக் குழி அடுத்த சுடுதலில் நிமிர்ந்துவிடும், கூர்மையாக மடிந்திருந்தால் அந்தக் கூட்டைத் தள்ளிவிட வேண்டும்.

டையை ஒரே மூச்சில் அடிவரை இறக்கக் கூடாது. சிறிது சிறிதாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் வெற்றுக் கூட்டை அந்தந்த ரைபிளிலேயே போட்டுப் பார்த்து, போல்ட் லேசான தடையோடு மூடும் இடத்தில் நிறுத்த வேண்டும். பழைய ராணுவச் சேம்பர்கள் (தோட்டா உட்காரும் அறைகள்), முக்கியமாக டைப் 99-இனுடையவை, தாராளமாகக் குடையப்பட்டவை. தோளை அளவுக்கு மேல் பின்னுக்குத் தள்ளினால் சுடும்போது கூடு முன்பின்னாக இழுபட்டு அடிக்கு மேலே மெலியும். வெளியே அது பளபளக்கும் வளையமாகத் தெரியும். முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு மேலே இழுத்தால் அந்த இடத்தில் பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அந்தக் கூடு குப்பைக்கு. அடுத்த முறை அது இரண்டாகப் பிரியலாம்.

இனி கழுத்து. .30-06-இன் பழைய கழுத்தில் பெரும்பகுதி வெட்டுப்பட்டுப் போகிறது. புதிய கழுத்து பழைய தோளிலிருந்தும் உடலின் மேல் விளிம்பிலிருந்தும் உருவாகிறது. அங்கே பித்தளை கனமாக இருக்கும், குறுக்கும்போது இன்னும் கனக்கும். 0.33 மி.மீ. சுவர் வரவேண்டிய இடத்தில் 0.40 வந்தால், 8.20 மி.மீ. குண்டை ஏற்றிய பின் கழுத்தின் வெளிவிட்டம் 8.86-க்குப் பதில் 9.00 ஆகும். சேம்பரில் கழுத்து விரிய இடம் இல்லையென்றால் குண்டு விடுபடாது, அழுத்தம் தாறுமாறாக ஏறும். எனவே அதே ரைபிளில் சுட்ட தொழிற்சாலைக் கூட்டின் கழுத்து விட்டத்தை அளந்து வைத்துக்கொண்டு, குண்டேற்றிய தோட்டாவின் கழுத்து அதைவிட 0.08 மி.மீ.யாவது குறைவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் வெளியே கடைய வேண்டும், அல்லது உள்ளே ரீமர் (துளையைச் சுரண்டி அகலமாக்கும் கருவி) விட வேண்டும். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் உள்ளே ஒரு தடித்த வளையம் நிற்கும். அதற்கு ரீமர்தான் சரி, வெளியே கடைந்தால் போகாது. சுட்ட பிறகு புதிய குண்டு ஒன்றைக் கழுத்தில் விட்டுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், இறங்காவிட்டால் கழுத்து இன்னும் தடிமன்.

கடைசியில் 8×57-ஐ 56.8-க்கும் 7.7-ஐ 57.4-க்கும் சீவி, வாயைச் சரிசெய்தால் கூடு தயார். மருந்து விஷயத்தில் வெளியான கையேட்டின் தொடக்க அளவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மாற்றிய கூட்டுக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

அனீலிங்கை, அதாவது சூடேற்றிப் பித்தளையை இளக்குவதை, தவிர்த்தால் மூன்று நான்கு சுற்றிலேயே கழுத்துகள் நெடுக்காகப் பிளக்கத் தொடங்கும். வளைக்க வளைக்கப் பித்தளை விறைப்பதுதான் காரணம். உருமாற்றியதும் ஒரு முறை, பிறகு மூன்று நான்கு சுற்றுக்கு ஒரு முறை, கழுத்தையும் தோளையும் மட்டும் சுமார் 400 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்ற வேண்டும். கூட்டைச் சுழற்றிக்கொண்டே கேஸ் டார்ச்சைக் காட்டினால் சில நொடிகள் போதும். வெப்பம் காட்டும் மைக்கோடுகள் இரண்டு போட்டுக்கொள்ளலாம்: கழுத்தின் உள்ளே 400-க்கு, தோளுக்குக் கீழே 245-க்கு. கீழ்க்கோடு உருகினால் சூடு அடிப்பக்கம் இறங்குகிறது என்று அர்த்தம். அடி இளகிய கூட்டைச் சுடவே கூடாது. சூடேற்றிய கூட்டைத் தண்ணீரில் போடுவது சூடு பரவாமல் தடுக்கத்தான். எஃகு மாதிரி பித்தளை அதனால் கெட்டிப்படாது.

இளக்காத பித்தளை என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே பெரிய பாடம் உண்டு. பிரிட்டிஷ் படை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே வெடித்துக் கீறின. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, பித்தளையின் உள்ளே இறுகி நின்ற தகைவோடு (உள் இழுவிசையோடு) சேர்ந்து செய்த வேலை அது. 1921-இல் காரணம் விளக்கப்பட்டது. சூடேற்றித் தகைவை எடுப்பதே தீர்வாயிற்று. அம்மோனியா கலந்த பாலிஷைக் கூட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

7.7-க்கு இந்த உழைப்பு முழுக்கத் தகும். தாராளச் சேம்பரில் முதல் சுடுதலில் அடிக்கு மேலே சற்றே உப்பும், அது எதிர்பார்க்க வேண்டியதுதான். அதன்பின் அதே ரைபிளுக்கென்று ஒதுக்கி, கழுத்தை மட்டும் டையில் சைஸ் செய்தால் கூடு நெடுநாள் உழைக்கும். 8×57-க்கு நேரடித் தொழிற்சாலைக் கூடு கிடைக்கும்போது இவ்வளவும் தேவையில்லை. பிரெஞ்சு 7.5×54-க்கு 6.5×55 ஸ்வீடிஷ் கூடு இன்னும் எளிது: கழுத்தைச் சரிவான எக்ஸ்பேண்டரில் விரித்து, 7.5 டையில் அழுத்தி, நீளத்தைச் சீவினால் போதும்.

மாற்றிய கூட்டின் அடியில் .30-06 என்ற முத்திரை அப்படியே இருக்கும். 8×57 தோட்டா .30-06 ரைபிளில் போய் உட்காரக்கூடும். 8.2 மி.மீ. குண்டு 7.8 மி.மீ. குழல் பாதையில் திணிபட்டால் ரைபிளும் போகலாம், சுடுபவருக்கும் பலத்த காயம் நேரலாம். அடியில் அழியாத மையால் வண்ணம் தீட்டி, பெட்டியின் மேலும் உள்ளும் தோட்டாவின் பெயரை எழுதி, .30-06 ரைபிள் இருக்கும் அலமாரியில் வைக்காமல் வேறிடத்தில் பூட்டி வையுங்கள்.