இரண்டு துன்மதி: கோயில் அலுவலகத்தில் மூன்று நாள்

இந்த முறை ஊருக்குப் போனபோது ரயில், கார், பேங்க் வேலை எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தன. எழுத வேண்டியது எங்கள் கோயில் அலுவலகத்தில் போன மூன்று நாளைத்தான். நகரத்தாரான எங்களுக்குக் குலக் கோயில்கள் ஒன்பது; அதில் எது என்பது இங்கே வேண்டாம்.

நியூஜெர்சியில் நான்கு வருஷமாக எங்கள் வீட்டு வம்சாவளியைக் கணினியில் ஏற்றி வருகிறேன். வீட்டுக் காகிதங்களில் பாதி 1942-ல் ரங்கூனிலேயே போய்விட்டன. மிச்சம் ஒரு பழைய நோட்டு. பெரியப்பச்சி, அதாவது அப்பாவின் அண்ணன், கல்யாணங்களைப் பதியும் கோயில் ஏட்டை எப்போதோ பார்த்து எழுதி வைத்தது. அதில் துன்மதி என்ற தமிழ் வருஷம் வைகாசியில் ஒரு கல்யாணம், அதே துன்மதி தையில் இன்னொன்று. இரண்டிலும் மாப்பிள்ளை பெயர், என் அப்பாவின் அப்பாவான ஐயாவின் பெயர்தான். மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரும் இரண்டிலும் ஒன்றே. பெண் ஊர் மட்டும் வேறு வேறு. அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு கதையை நம்பினோம். ஐயா 1921 வைகாசியில் ஒரு பெண்ணைக் கட்டினார், சில மாதத்தில் அந்தப் பெண் தவறிவிட்டாள், 1922 தையில் அப்பத்தாவைக் கட்டினார் என்று. அப்பத்தா இருந்தவரை அவரிடம் யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. நானும் கணினியில் ஐயாவுக்கு இரண்டு தாரம் என்றே போட்டு வைத்திருந்தேன்.

முதல் நாள் போனேன். மேனேஜர் வெளியூர், சாவி அவரிடம். சரி.

இரண்டாம் நாள் காலையிலேயே போய் உட்கார்ந்தேன். கணக்குப்பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார். "ஆச்சிக்கு எந்த ஊரு, எந்த வீடு?" சொன்னேன். "கட்டிக்கொடுத்த ஊரு?" அதையும் சொன்னேன். "அப்ப உங்க புள்ளி அந்தக் கோயில்லல்ல இருக்கு. இங்க ஏடு பாக்கணும்னா அப்பச்சியையோ அண்ணனையோ கூட்டிட்டு வாங்க." புள்ளி என்றால் கோயில் கணக்கில் கல்யாணமான ஒரு குடும்பம்; கட்டிக்கொடுத்த பெண் கணவர் கோயிலில் சேர்ந்துவிடுகிறாள். அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, எண்பத்து நாலு வயது, வளவு வீட்டை விட்டு நகர முடியாது. அண்ணன் மெல்போர்னில். போனில் வீடியோவில் பேச வைக்கட்டுமா என்றேன். அது சரிப்படாது என்றார். பக்கத்திலேயே, புள்ளி வரி கட்டுவதற்கு கூகுள் பே அட்டை ஒட்டியிருந்தது. அண்ணன் பேரில் இருந்த பாக்கியை என் போனிலிருந்து கட்டினேன், உடனே ரசீது வந்தது. கட்டும்போது நான் யார் வீட்டுப் பெண் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தக் கோயில் மாலை வந்துதான் எங்கள் வீட்டில் ஒவ்வொரு கல்யாணமும் நடந்தது, என் கல்யாணமும் சேர்த்து. சின்ன வயதில் அந்தப் பிராகாரத்தில் ஓடி விழுந்த தழும்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது.

அமெரிக்காவில் என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, 1890-ல் தொடங்கிய 'டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன்' சங்கத்தில் உறுப்பினர். பெண்களுக்கான வம்சாவளிச் சங்கம் அது. அம்மா வழியோ அப்பா வழியோ, சுதந்திரப் போரில் பங்கெடுத்த ஒரு முன்னோர் வரை தலைமுறைக்குத் தலைமுறை அத்தாட்சி காட்டினால் சேரலாம். சேர்ந்தவர்கள் கொடுத்த விண்ணப்பங்களே அவர்கள் தரவுத்தளத்துக்கு ஆதாரம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். வீட்டில் உட்கார்ந்தபடியே அவள் தன் பாட்டனாரைத் தேடி எடுத்ததை நான் கூட இருந்து பார்த்தேன். நான் பதினாறு மணி நேரம் பறந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் அப்பச்சி கைப்பட எழுதிய கடிதத்தோடு, பங்காளி வீட்டு அண்ணன் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனேன். ஏட்டை அவரிடம்தான் கொடுத்தார்கள். போட்டோ கூடாது, பென்சிலால் எழுதிக்கொள்ளலாம்.

அங்கேதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. நான் கொண்டுபோன நோட்டைக் கணக்குப்பிள்ளை இரண்டு நிமிஷம் பார்த்தார். உள்ளே போனார். ஒன்றுக்கு இரண்டு ஏடாக எடுத்து வந்து அருகருகே விரித்தார். "ஆச்சி, இது ரெண்டும் ஒரே துன்மதி இல்ல. இந்த ஏடு வேற, அந்த ஏடு வேற. நடுவுல அறுபது வருஷம்."

தை மாதக் கல்யாணம் 1922. வைகாசிக் கல்யாணம் 1861. அது ஐயாவின் ஐயாவுக்கு நடந்த கல்யாணம்.

நம் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஐயா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். அந்தப் பேரனின் அப்பச்சிக்கும் அவருடைய ஐயா பெயர்தான். ஆக 'இன்னார் மகன் இன்னார்' என்ற வரி ஒரு தலைமுறை விட்டு அப்படியே திரும்பி வரும். இரண்டு தலைமுறைக்குச் சுமார் அறுபது வருஷம். தமிழ் வருஷப் பெயரும் அறுபதில் திரும்பி வரும். பெயர், தகப்பனார் பெயர், வருஷம் மூன்றும் ஒன்றாகப் பொருந்திவிட்டால் கணினி என்ன செய்யும்? ஒரே ஆள் என்று சேர்த்துவிடும். நானே சேர்த்தேன். பெண் எடுத்த ஊரும் பெண் வீட்டுக் கோயிலும்தான் இரண்டு பேரையும் பிரித்துக் காட்டின. இப்போது கல்யாணப் பதிவில் அந்த இரண்டு கட்டமும் நிரம்பாமல் எதையும் நான் சேர்ப்பதில்லை. வேறு அத்தாட்சி கிடைக்கும்வரை ஆங்கில வருஷம் போடுவதும் இல்லை. துன்மதி என்றால் துன்மதி என்றே இருக்கட்டும்.

ஏட்டில் இல்லாதவர்களும் உண்டு. கல்யாணமானால்தான் புள்ளி. ஐயாவின் தம்பி ஒருவர் பர்மாவில் பதினேழு வயதில் காய்ச்சலில் போனார். எந்தப் பக்கத்திலும் அவர் இல்லை. அப்பச்சி ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறார். அதையும் எழுதிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அப்பச்சியிடம் சொன்னேன். ஐயாவுக்கு ஒரே கல்யாணம்தான் என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்ப வைகாசியில கட்டுன பொண்ணு?" என்றார்.

"ஐயாவோட அப்பத்தா. நமக்கெல்லாம் அவங்கதான் மூத்த ஆச்சி."

"பேரு என்ன?"

ஏட்டில் பெண்ணின் தகப்பனார் பெயரும் ஊரும் கோயிலும்தான் இருந்தன. பெண்ணின் பெயர் இல்லை. அவர் பிறந்த ஊர் எங்கள் ஊரிலிருந்து காரில் இருபது நிமிஷம். அங்கே முன்னோருக்குப் படைக்கும் அவர்கள் படைப்பு வீட்டில் கேட்டால் தெரியலாம் என்று பங்காளி அண்ணன் சொன்னார். எனக்கு அன்று இரவே விமானம். மெல்போர்ன் அண்ணன் ஆடி மாதம் வருகிறான். பென்சில் நகலைப் படம் எடுத்து, போய்க் கேள் என்று எழுதி, விமான நிலையத்திலிருந்தே அவனுக்கு அனுப்பிவிட்டேன்.