மரமா, அலுமினியமா, யுபிவிசியா? கடல் காற்று அடிக்கும் வீட்டுக்கு எந்தச் சன்னல்

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீடு 1980-களில் கட்டிய வரிசை வீடு. தைப்பூசத்துக்கு முன்னால் சாயம் அடித்துவிடலாம் என்று முன்னறைச் சன்னலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கீழ்க்கட்டையில் ஸ்க்ரூடிரைவர் முனை பட்டதுதான், புட்டில் கரண்டி இறங்குவது போல அரை அங்குலம் உள்ளே போய்விட்டது. வெளியே பெயிண்ட் பளபளப்பாகத்தான் இருந்தது. உள்ளே மரமே இல்லை, கரையான் மண்தான்.

"இத்தனை நாளா பெயிண்ட்தான் சன்னலைத் தாங்கிப் புடிச்சிருக்கு" என்றார் அம்மா.

ஆறு சன்னல் மாற்ற வேண்டும். மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல முதலில் எடுத்தது சூட்டுக் கணக்கு: எந்தச் சன்னல் சட்டம் எவ்வளவு சூட்டைக் கடத்தும் என்று. அதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் பலர் வழுக்கி விழுவது இங்கேதான்.

கணக்கு பொய்யில்லை. அலுமினியம் சூட்டைக் கடத்துவதோடு ஒப்பிட்டால், மரமும் யுபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக்கும் கடத்துவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் அந்த வித்தியாசத்துக்கு உயிர் இருப்பது பனி கொட்டும் நாடுகளில். அங்கே வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே, உள்ளே 20 டிகிரி. பினாங்கில் மதியம் வெளியே 32, ஏர்கான் அறைக்குள் 24. எட்டு டிகிரிதான் இடைவெளி. ஏர்கான் போடாத கூடத்தில் அதுவும் கிடையாது. நம் அறையை வேக வைப்பது சட்டம் வழியாக வரும் சூடு அல்ல, கண்ணாடி வழியாக நேரே இறங்கும் வெயில். மேற்குப் பக்கச் சன்னலுக்கு மேலே இரண்டடி மறைப்பு இறக்குங்கள், அல்லது வெயிலைத் தடுக்கும் கண்ணாடி போடுங்கள். சட்டத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசைவிட அதில் பலன் அதிகம்.

அப்படியென்றால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? மழை, உப்பு, கரையான். இந்த மூன்றையும் எது தாங்கும் என்றுதான் பார்க்க வேண்டும்.

மரத்திலிருந்து தொடங்குவோம். மரச் சன்னல் கரையானுக்குத்தான் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எந்த மரம் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் இருந்தது மெராந்தி, லேசான மரம். ஈரம் ஊறிய மெராந்தி கரையானுக்கு விருந்துச் சாப்பாடு. செங்கால் மரம் வேறு சாதி. தீபகற்ப மலேசியாவின் கனமான கட்டை அது. ஆணி அடித்தால் ஆணிதான் வளையும், துளை போட்டுத்தான் திருகு ஏற்ற வேண்டும். அதன் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. ஆனால் விலையைக் கேட்டால் நமக்கு வியர்க்கும். எனக்கு வந்த விலைப்பட்டியலில் அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். அதோடு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயோ சாயமோ பூச வேண்டும். மழைக்காலத்தில் ஊதிப்போய்ச் சன்னல் கதவு இறுகும், வெயில் காலத்தில் சுருங்கி ஆடும். இந்தச் சேட்டையை ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. ஜார்ஜ்டவுன் பழைய நகரம் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அந்த எல்லைக்குள் உங்களுக்குக் கடைவீடு இருந்தால், தெருப்பக்கத்து மரச் சன்னலைக் கழற்றிவிட்டு வெள்ளை யுபிவிசி மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். முதலில் மாநகர் மன்றத்தில் கேளுங்கள். கொண்டோ அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். வெளித்தோற்றம் மாறும் என்பதால் நிர்வாகத்தைக் கேட்காமல் கை வைக்கக்கூடாது.

இரும்புச் சன்னலை ஒரே வரியில் முடிக்கலாம்: கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர் அதைப் புதிதாகப் போடுவது துருவுக்குச் சோறு போட்டு வளர்ப்பது.

அலுமினியத்துக்கு வருவோம். நம் தாமான்களில், அதாவது வீடமைப்புக் குடியிருப்புகளில், பல வீடுகளில் இதுதான். ஆனால் "அலுமினியம்" என்று ஒரே சொல்லில் விலை கேட்கிறோம், அங்கேதான் ஏமாறுகிறோம். கடைக்காரரிடம் வெட்டிய துண்டு கேட்டு வாங்கி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். எனக்குக் காட்டிய இரண்டு துண்டில் ஒன்றின் சுவர் ஒரு மில்லிமீட்டர், இன்னொன்று ஒன்றரை. வெளியிலிருந்து இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. கையில் பிடித்து முறுக்கினால் மெல்லியது நெளிகிறது. நாலடி அகலக் கதவில் அந்த நெளிவுதான் பிறகு மூடாத சன்னலாகிறது.

மேல்பூச்சு அடுத்தது. பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பவுடர் கோட்டிங் பொதுவாக 60 முதல் 80 மைக்ரான் இருக்கும். அது கீறாமல் இருக்கும்வரை உப்புக்காற்று ஒன்றும் செய்யாது. கீறிய இடத்தில் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழும். மாதம் ஒருமுறை குழாய்த் தண்ணீரால் கழுவினாலே பாதிப் பிரச்சினை தீரும். இன்னொன்று, ஈர சிமெண்டு அலுமினியத்தை அரிக்கும். எங்கள் வீட்டில் வேலை செய்தவர் பூச்சு வேலைக்கு முன்பே பாதுகாப்புத் தாளை உரித்துவிட்டார். "நாளைக்குத் துடைச்சிடலாம் பாஸ்" என்றார். மறுநாள் துடைத்தார், சிமெண்டு போனது, சாம்பல் திட்டு அங்கேயே இருக்கிறது. அந்தச் சன்னலுக்குத் திரை கொஞ்சம் அகலமாகத் தைத்திருக்கிறோம்.

யுபிவிசிக்கு நான் முதலில் எதிர்க்கட்சி. பிளாஸ்டிக்கைப் போய்ச் சன்னலாக வைப்பதா என்று. ஆனால் மழை விஷயத்தில் அதுதான் கெட்டிக்காரன். அதன் நான்கு மூலைகளையும் சூட்டில் உருக்கி ஒட்டுகிறார்கள், இணைப்பே இல்லை. அலுமினியத்தில் மூலைகளைத் திருகோ கொக்கியோ வைத்துச் சேர்த்து சிலிக்கான் பூசுகிறார்கள். அந்த சிலிக்கான் வயதானால் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று மழையைப் படுக்கைவாட்டில் அடிக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். சாலைச் சத்தத்துக்கும் யுபிவிசி நல்லது. அதற்குக் காரணம் பிளாஸ்டிக்கைவிட, கதவைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் ரப்பரும் பல இடத்தில் பூட்டும் தாழ்ப்பாளும்தான்.

குறை என்ன? வெயிலில் அலுமினியத்தைவிட மூன்று மடங்கு விரியும். இரண்டு மீட்டர் சட்டம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய நாலு மில்லிமீட்டர் நீளும். சுவருக்கும் சட்டத்துக்கும் இடைவெளி விடாமல் இறுக்கி வைத்தால் வளையும். அதிலும் கறுப்பு, பழுப்பு நிறம் வெயிலை இன்னும் குடிக்கும். மேற்குச் சுவருக்கு யுபிவிசி என்றால் வெள்ளை மட்டுமே.

கடைக்குப் போகும்போது நான் ஐஸ்பெட்டியில் ஒட்டியிருந்த லங்காவிக் கழுகுக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். யுபிவிசி சட்டத்தின் மேல் வைத்தால் லேசாக இழுக்க வேண்டும். இழுத்தால் உள்ளே இரும்புக் கம்பிச் சட்டம் இருக்கிறது என்று அர்த்தம். பெரிய கதவில் அது இல்லையென்றால் வெறும் குழாய்தான். அதே காந்தத்தைக் கீலிலும் வைத்துப் பார்க்கலாம். அங்கே நேர்மாறு: பச்சக்கென்று ஒட்டினால் விலகிவிடுங்கள், நல்ல துருப்பிடிக்காத எஃகு அப்படி ஒட்டாது. கடலுக்குக் கிட்டே என்றால் 304 தர எஃகுக்குப் பதில், உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 தர எஃகைக் கேளுங்கள். எந்தச் சட்டம் போட்டாலும் முதலில் சாவது கீல்தான்.

யுபிவிசிக் கடையில் உள்பக்கம் சாய்ந்து திறக்கும் சன்னலைக் காட்டி அசத்துவார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் நம் வீட்டில் கிரில் உள்பக்கம் இருக்கிறதே! கதவு எங்கே திறக்கும்? இதைக் கேட்டபோது விற்பனைப் பெண் சிரித்துவிட்டு, "கிரில்லை எடுத்துடுங்க அங்கிள்" என்றார். அம்மாவிடம் போய் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

கடைசியில் இப்படிப் பிரித்தேன். சாலையைப் பார்த்த இரண்டு படுக்கையறைக்கு வெள்ளை யுபிவிசி, வெளிப்பக்கம் திறப்பது. அதற்கு அலுமினியத்தைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்தேன், தூக்கம் வருகிறது. மற்ற மூன்றுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியம். பழைய மரச்சட்டத்தை விட்டுவிட்டு அதற்குள்ளேயே புதியதை மாட்டினால் மலிவு என்றார்கள், ஒத்துக்கொள்ளவில்லை. கரையான் அலுமினியத்தைத் தின்னாது, ஆனால் அதன் பின்னால் மிச்சமிருக்கும் கட்டை வழியாகக் கூரைக்கு ஏறும். சுவரை உடைத்து முழுதும் எடுத்து, தரைக்கு மருந்து அடித்த பிறகுதான் புதியது வந்தது.

ஆறாவது, சமையலறை. அங்கே கண்ணாடிப் பலகை அடுக்கிய பழைய 'நாக்கோ' சன்னல். மழைச்சாரல் வரும், கொசு வரும், திருடனுக்கும் வசதி. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "மீன் பொரிச்சா புகை எங்கடா போகும்? நீ சொல்ற சன்னல் பாதிதான் தொறக்கும், இது முழுசா தொறக்கும்." நான் நினைத்திருந்த, பக்கவாட்டில் தள்ளும் சன்னல் பாதிதான் திறக்கும் என்பது உண்மை, மறுக்க முடியவில்லை. உடைந்திருந்த இரண்டு பலகையை மட்டும் மாற்றினோம். நல்ல கண்ணாடியாகக் கிடைக்கவில்லை, பூப்போட்டதுதான் கிடைத்தது.